"கையைக் கட்டியிருப்போம்": பைபாஸுக்கு முன்னாடி நான் சொன்ன ஒரு வரியும் அதுக்கப்புறம் நடந்ததும் – ஒரு நிகழ்வு ஆய்வு

தென் மாவட்டத்துல ஒரு ஆஸ்பத்திரியில ஹார்ட் சர்ஜரி வார்டுல 14 வருஷமா நர்ஸா இருக்கேன். ஆபரேஷனுக்கு முன்னாடி பேஷண்டையும் வீட்டு ஆளுங்களையும் உக்கார வச்சு சொல்லிக்கொடுக்குறது கடைசி 6 வருஷமா என் பொறுப்பு. நல்லபடியா போன கேஸ் நிறைய இருக்கு, ஆனா இங்க எழுதப் போறது நான் சொல்லிக்கொடுத்ததாலயே ஒருத்தர் பயந்துபோய், ஆபரேஷனை நாலு நாள் தள்ளிவைக்க வேண்டி வந்த கேஸை. இந்த வேலையில நான் கத்துக்கிட்டதுல பாதி அந்த நாலு நாள்ல கத்துக்கிட்டதுதான். ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன், அவர்கிட்டயும் அவர் பொண்ணுகிட்டயும் கேட்டுட்டுதான் எழுதுறேன்.

பேஷண்ட்

62 வயசு, மர ஆசாரி. கதவு, நிலை, ஜன்னல், கட்டில்னு சின்ன வயசுலருந்து அதே தொழில். சுகர் 12 வருஷமா இருக்கு, பீடி அதைவிட ரொம்ப வருஷமா, ஆஞ்சியோ பண்ண அன்னைக்கோட பீடியை விட்டுட்டார். மரம் இழைக்கிறப்ப நெஞ்சை அழுத்துது, உக்காந்தா சரியாயிடுதுன்னு ரெண்டு மாசம் கேஸ் ட்ரபிள்னு நினைச்சு சோடா வாங்கிக் குடிச்சே ஓட்டியிருக்கார். ஒரு நாள் பட்டறையிலேயே வேர்த்துக் கொட்டி உக்காந்துட்டார், அப்புறம்தான் கூட்டிட்டு வந்தாங்க. மூணு ரத்தக்குழாய்லயும் பிளாக். சுகர் வேற இருக்கறதால ஸ்டென்ட்டை விட பைபாஸ்தான் நல்லதுன்னு டாக்டர்ங்க முடிவு பண்ணாங்க, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல அப்ரூவலும் வந்துருச்சு. வியாழக்கிழமை காலையில முதல் கேஸா போட்டிருந்தாங்க.

அட்மிஷன் அன்னைக்கே அவர் பொண்ணு என்னைத் தனியா கூப்பிட்டு, "அப்பாகிட்ட பைபாஸ்னு சொல்லாதீங்க சிஸ்டர், சின்ன ஆபரேஷன்னுதான் சொல்லி வச்சிருக்கோம், தெரிஞ்சா பயந்துருவாங்க"ன்னு சொல்லுச்சு. நம்ம பக்கம் பத்து வீட்ல ஏழெட்டு வீட்ல இதைச் சொல்லுவாங்க. பாசத்துல சொல்றதுதான், அதுல தப்பு சொல்ல முடியாது, ஆனா கையெழுத்துப் போடப் போறது அவர், நெஞ்சு அவரோடது, அவருக்குத் தெரியாம பண்ண முடியாதும்மான்னு சொல்லி சர்ஜன் பொண்ணையும் கூட வச்சுக்கிட்டே அவர்கிட்ட நேரா பேசினார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "நூத்துக்கு எத்தனை பேர் தேறுவாங்க?" உங்க உடம்பு இருக்கற நிலைமைக்கு 98 பேர் நல்லபடியா வீட்டுக்குப் போவாங்கன்னு சொன்னார் சர்ஜன். தலையை ஆட்டிட்டு கையெழுத்துப் போட்டுட்டார். எங்களுக்கெல்லாம் அப்பாடான்னு இருந்துச்சு.

புதன்கிழமை கிளாஸ்

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் 3 மணிக்கு எங்க வார்டு பக்கத்து ரூம்ல கிளாஸ் நடக்கும், அந்த வாரம் ஆபரேஷன் இருக்கற எல்லாரும், கூட ஒரு ஆளும். அன்னைக்கு ஏழு பேஷண்ட். பிளாஸ்டிக் இதயம் ஒண்ணு, சார்ட் ரெண்டு, கையில கொடுக்குற நோட்டீஸ் ஒண்ணு, அதுல 24 பாயிண்ட். ராத்திரி 12-க்கு மேல சாப்பிடக்கூடாதுல ஆரம்பிச்சு முடி எடுக்குறது, மருந்து சோப்புல குளிக்கிறது, மயக்க மருந்து, நெஞ்செலும்பைத் திறக்குறது, ஹார்ட் லங் மெஷின், கால்லருந்து நரம்பு எடுக்குறது, ஐசியூ, வாயில ட்யூப், நெஞ்சுல ரெண்டு மூணு ட்யூப், கழுத்துல ஊசி, யூரின் பை, அப்புறம் மூச்சுப் பயிற்சி, வீட்டுக்குப் போனா என்ன பண்ணலாம் பண்ணக்கூடாதுன்னு 40 நிமிஷத்துல எல்லாத்தையும் சொல்லி முடிச்சிருவேன். மனப்பாடம் மாதிரி வரும். அவர் கடைசி வரிசையில தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு சம்சாரத்தோட உக்காந்திருந்தார். கேள்வி ஏதாவது இருக்காங்கய்யான்னு கேட்டேன், இல்லைன்னார். கேள்வி இல்லைன்னா புரிஞ்சிருச்சுன்னு எடுத்துக்கிட்டு சார்ட்ல "கல்வி கொடுக்கப்பட்டது"ன்னு டிக் அடிச்சிட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன்.

ராத்திரி தூங்குறதுக்கு மாத்திரை கொடுத்திருக்காங்க. 11:30-க்கு நைட் சிஸ்டர் ரவுண்ட்ஸ் போனப்ப கட்டில்ல ஆள் இல்ல. லிஃப்ட் பக்கத்துல இருக்கற பெஞ்சுல செருப்பு மாட்டிக்கிட்டு, துணிப்பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். ஊருக்குப் போறேன், காலையில முதல் பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டிருக்கார். பிபி 182/104, பல்ஸ் 118. நெஞ்சுவலி இல்ல, ஈசிஜியில புதுசா எதுவும் இல்ல. டியூட்டி டாக்டர் வந்து பேசிப் பார்த்தார், மயக்க டாக்டருக்கு போன் போனுச்சு. இந்த நிலைமையில தியேட்டருக்குள்ள கொண்டுபோக வேணாம், ஆளும் சம்மதத்தோட இல்லன்னு சொல்லி கேஸை எடுத்துட்டாங்க, திங்கக்கிழமை பார்ப்போம்னு. ரத்தம் கொடுக்க ஊர்லருந்து வேன் புடிச்சு வந்த பசங்க திரும்பிப் போனாங்க. பொண்ணு லீவு முடிஞ்சு போயிருமேன்னு அழுதுச்சு. அதோட கோவமும் இருந்துச்சு, "நீங்க கிளாஸ் எடுக்குற வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்"ன்னு என்கிட்ட சொன்ன ஒரு வார்த்தை இன்னைக்கும் காதுல இருக்கு. சரியாத்தான் சொல்லுச்சு.

வியாழக்கிழமை காலையில

நோட்டீஸ், மாடல் எதையும் எடுக்காம ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கட்டில் பக்கத்துல உக்காந்தேன். நின்னுக்கிட்டு பேசுறதுக்கும் உக்காந்து பேசுறதுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்னு நான் அதுவரைக்கும் கவனிச்சதில்ல. சாப்ட்டீங்களான்னு கேட்டேன், ம்னார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் நானும் பேசல. எங்க வார்டு பழைய கட்டடம், அவர் கண்ணு வாசக்கதவு மேலயே இருந்துச்சு. "இந்த நிலை தேக்கு இல்ல தாயி, வேங்கை. வச்சவன் நல்லா வச்சிருக்கான், இத்தனை வருஷத்துல கொஞ்சம்கூட இறங்கல"ன்னார். நான் அந்தக் கதவு வழியா ஒரு நாளைக்கு நூறு தடவை போறேன், அன்னைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் கேட்டேன், "நேத்து ராத்திரி பையை எடுத்துட்டு கிளம்புறப்ப மனசுல என்னங்கய்யா ஓடுச்சு?"

ரொம்ப நேரம் கழிச்சு சொன்னார். மூணு வருஷம் முன்னாடி அவர் மச்சினன் பைக் ஆக்சிடென்ட்ல வேற ஒரு ஆஸ்பத்திரியில ஐசியூவுல இருந்திருக்கார். இவரைத்தான் உள்ள விட்டிருக்காங்க. வாயில ட்யூப், ரெண்டு கையையும் கட்டில் கம்பியோட சேர்த்துக் கட்டியிருந்திருக்காங்க, கண்ணு மட்டும் திறந்து இவரையே பார்த்திருக்கு. வெளிய வந்தப்ப பக்கத்து பேஷண்டோட சொந்தக்காரர் யாரோ "கையைக் கட்டிட்டாங்கன்னா அவ்வளவுதாங்க"ன்னு சொல்லியிருக்கார். மறுநாள் மச்சினன் போயிட்டார். நான் கிளாஸ்ல பதினாலாவது பாயிண்டா போற போக்குல சொன்னேன், "ட்யூப்பை இழுத்துறக்கூடாதுன்னு கையை லேசா கட்டியிருப்போம், பயப்படாதீங்க"ன்னு. அதுக்கப்புறம் நான் சொன்ன பத்து பாயிண்ட்ல ஒண்ணுகூட அவர் காதுல விழல. "அவன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான் தாயி, என்னன்னே தெரியாம போயிருச்சு"ன்னு சொன்னார்.

நெஞ்சை வெட்டுறதும் இதயத்தை நிறுத்துறதும்தான் எல்லாருக்கும் பயமா இருக்கும்னு நான் நினைச்சிட்டிருந்தேன். அவருக்கு அது ரெண்டுமே பெருசா இல்ல. கையைக் கட்டுறதும், பேச முடியாம போறதும், இது ரெண்டுதான். அது எங்க 24 பாயிண்ட்ல ஒரு அரை வரி.

ஸ்கோர்

அன்னைக்கு மத்தியானம் மயக்க டாக்டர் சொல்லி ஏபிஏஐஎஸ் (APAIS)ங்கற கேள்வித்தாளை எடுத்தோம், ஆபரேஷனுக்கு முன்னாடி எவ்வளவு பயம் இருக்கு, எவ்வளவு விவரம் வேணும்னு அளக்குறது. ஆம்ஸ்டர்டாம்ல உருவாக்கி 1996-ல வெளியிட்டது, மொத்தம் ஆறே கேள்வி. நாலு கேள்வி பயத்தைப் பத்தி (மயக்க மருந்தை நினைச்சா பயமா இருக்கு, ஆபரேஷன் நினைப்பு மனசுல ஓடிட்டே இருக்கு, இந்த மாதிரி), ரெண்டு கேள்வி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்கன்னு. ஒவ்வொண்ணுக்கும் 1-லருந்து 5 வரைக்கும் மார்க். பயம் 4-லருந்து 20 வரைக்கும் போகும், 11-ம் அதுக்கு மேலயும் இருந்தா கவனிக்கணும். தெரிஞ்சுக்குற ஆசை 2-லருந்து 10 வரைக்கும். நாங்க பேச்சுத்தமிழ்ல வாயால கேட்டோம், அதனால இதை ஒரு வழிகாட்டியா மட்டும்தான் வச்சுக்கிட்டோம்.

அவருக்கு பயம் 17. தெரிஞ்சுக்குற ஆசை 3.

இந்த ரெண்டாவது நம்பர்தான் என்னை உக்கார வச்சுது. இவ்வளவு பயத்துல இருக்கற மனுஷன், ஆனா விவரம் வேணாம்ங்கறார். அவர் சம்சாரத்துக்கிட்ட அதே ரெண்டு கேள்வியை சும்மா கேட்டுப் பார்த்தேன், அந்தம்மா ரெண்டுக்கும் 5 சொன்னாங்க, எல்லாத்தையும் சொல்லுங்க, ஒண்ணுவிடாம சொல்லுங்கன்னு. ஒரே கட்டில் பக்கத்துல ரெண்டு பேரு, ஒருத்தருக்கு விவரம் சொன்னா பயம் ஏறுது, இன்னொருத்தருக்கு சொல்லலைன்னா பயம் ஏறுது. நான் ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சு ஒரே பாடத்தை எடுத்திருக்கேன்.

ஆராய்ச்சிங்க என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா சொல்லிக்கொடுத்தா பயம் குறையும்னு பொதுவா ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடுறாங்க, விஷயம் அவ்வளவு நேரா இல்ல. அமெரிக்காவுல எக்பர்ட்னு ஒரு மயக்க டாக்டர் குழு 1964-ல 97 வயித்து ஆபரேஷன் பேஷண்டை வச்சு பார்த்தாங்க, வலி எங்க வரும், எப்படி இருக்கும், உடம்பை எப்படித் தளர்த்தணும்னு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தவங்களுக்கு வலி மருந்து ஏறக்குறைய பாதிதான் தேவைப்பட்டுச்சு. அதே ஆளுங்க அதுக்கு முந்தின வருஷம் பார்த்ததுல, டாக்டர் போய் உக்காந்து பேசின பேஷண்டுங்கதான் அமைதியா இருந்தாங்க, தூக்க மருந்து மட்டும் கொடுத்தவங்களுக்கு தூக்கக் கலக்கம் வந்துச்சே தவிர அமைதி வரல (நம்ம ஆசாரி ஐயாவும் மாத்திரை போட்டுக்கிட்டுதான் பெஞ்சுல உக்காந்திருந்தார்). ஆனா 2002-ல வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வுல பைபாஸுக்கு காத்திருந்த 356 பேருல பாதிப் பேருக்கு ஒரு முழு நாள் வகுப்பு எடுத்துப் பார்த்தாங்க, பயத்துலயும் வலியிலயும் ஒரு வித்தியாசமும் இல்ல. பத்து வருஷம் கழிச்சு 2012-ல சீனாவுல 153 ஹார்ட் சர்ஜரி பேஷண்டுங்ககிட்ட ஒரு நோட்டீஸும் கூடவே நேர்ல பேசுறதும்னு பண்ணதுல பயம் நல்லாவே குறைஞ்சுச்சு. ரெண்டும் ஒழுங்கா குலுக்கல் முறையில பிரிச்சுப் பண்ண ஆய்வுதான். நாடு வேற, ஆளுங்க வேற, அதனால ரெண்டையும் பக்கத்துல வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது, ஆனா 14 வருஷ அனுபவத்துல எனக்குத் தோணுறது, எவ்வளவு நேரம் சொன்னோம்ங்கறதை விட யாருக்கு எதைச் சொன்னோம்ங்கறதுலதான் விஷயம் இருக்கு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை ஜீன் ஜான்சன்னு ஒரு அமெரிக்க நர்ஸ் பண்ணது. 1975-ல, கையில கால்ல மாவுக்கட்டு போட்ட குழந்தைங்களுக்கு கட்டைப் பிரிக்கிறப்ப பயம் வராம இருக்க என்ன பண்ணலாம்னு பார்த்தாங்க. கட்டை எப்படி வெட்டுவாங்கன்னு விளக்குறதை விட, ரம்பம் என்ன சத்தம் போடும், தோல்ல எப்படி அதிரும், கொஞ்சம் சூடா இருக்கும், வெள்ளைத் தூள் பறக்கும்னு குழந்தை அனுபவிக்கப் போறதைச் சொல்லி டேப்ல கேக்க வச்சப்பதான் குழந்தைங்க கம்மியா பயந்துச்சுங்க. டாக்டர் என்ன பண்ணுவார்ங்கறது ஒண்ணு, என் கண்ணுக்கு என்ன தெரியும், காதுல என்ன கேக்கும், உடம்புக்கு எப்படி இருக்கும்ங்கறது இன்னொண்ணு. எங்க 24 பாயிண்ட்ல 19 பாயிண்ட் முதல் வகை. நானே உக்காந்து எண்ணிப் பார்த்தேன்.

வியாழன் சாயங்காலத்துலருந்து ஞாயிறு வரைக்கும்

ஒரு தடவைக்கு 15 நிமிஷத்துக்கு மேல போகல. முதல்ல கை. ஐசியூவுல கட்டுற துணிப்பட்டையை எடுத்துட்டு வந்து அவர் கையில கொடுத்தேன். மெத்து மெத்துன்னு இருக்கற பட்டை, பக்கத்துல ஒட்டுற மாதிரி இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். ஏன் கட்டுறோம்னு சொன்னேன், அரை மயக்கத்துல இருக்கறப்ப வாயில ஏதோ இருக்குன்னு கை தானா போய் இழுத்துரும், அது உங்க புத்தியில நடக்குறது இல்ல, தூக்கத்துல கொசுவை அடிக்கிற மாதிரி. ஆபத்துல இருக்கறவங்களுக்குக் கட்டுறது இல்லைங்கய்யா, முழிக்கப் போறவங்களுக்குத்தான் கட்டுறோம். இந்த வாக்கியத்தை அவர் திரும்ப என்கிட்டயே சொன்னார், "முழிக்கப் போறவனுக்குத்தான்". அப்புறம் அவரே, எனக்குக் கட்டி விடு தாயி பார்ப்போம்னு மணிக்கட்டை நீட்டினார். கட்டினேன். ஒரு நிமிஷம் கண்ணை மூடிட்டு இருந்தார். அவுத்து விட்டேன்.

இதோட நிக்காம ஐசியூ இன்சார்ஜ்கிட்டயும் மயக்க டாக்டர்கிட்டயும் பேசினோம். அமைதியா முழிச்சு சொன்ன பேச்சைக் கேட்டா உடனே அவுத்துரலாம், முடிஞ்சா கட்டாம ஒரு சிஸ்டரையே பக்கத்துல நிறுத்தலாம்னு ஒத்துக்கிட்டாங்க. கேஸ் ஷீட் முதல் பக்கத்துல பெரிய எழுத்துல எழுதி ஒட்டினோம்: கண்ணு முழிச்சதும் முதல்ல "ஐயா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, இப்ப கையை அவுத்து விடுறேன்"னு சொல்லவும். பேஷண்டுக்கு சொல்லிக்கொடுத்தா மட்டும் போதாது, அவருக்குக் கொடுத்த வாக்கை உள்ள இருக்கறவங்களுக்கும் சொல்லணும், இல்லன்னா நான் சொன்னது பொய்யா போயிரும்.

அடுத்தது பேச்சு. ட்யூப் குரல்நாண் வழியா போறதால சத்தமே வராது, அது இருக்கற வரைக்கும்தான், எடுத்ததும் தொண்டை கரகரப்போட பேச்சு வந்துரும்னு சொன்னேன். என் கையை ஒரு தடவை அமுக்கினா ஆமா, ரெண்டு தடவை அமுக்கினா இல்ல. ஒரு அட்டையில நாலு படம்: வலி, தாகம், மூச்சு, வீட்டு ஆள். அவர் பட்டறைப் பென்சிலை வாங்கி அஞ்சாவதா ஒரு காது வரைஞ்சார். என்னங்கய்யான்னு கேட்டா, "சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு சொல்றதுக்கு"ன்னார். அப்பதான் மானிட்டர் சத்தம் ஞாபகம் வந்துச்சு, அன்னைக்கு ராத்திரி ஐசியூவுல நின்னு என் போன்ல அலாரம் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிட்டு வந்து போட்டுக் காமிச்சேன், விரல்ல மாட்டுற கிளிப் நழுவினாக்கூட இப்படித்தான் கத்தும், இது கத்துனா உங்களுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு அர்த்தம் இல்லன்னு.

மூச்சுப் பயிற்சியை பாடமா இல்லாம வேலையா கொடுத்தேன். மூணு பந்து இருக்கற கருவி, எல்லாரையும் போல முதல்ல ஊதினார், ஊதக்கூடாதுங்கய்யா, இளநியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற மாதிரி மெதுவா உள்ள இழுங்கன்னு சொன்னதும் பிடிச்சுக்கிட்டார். முதல் நாள் ஒரு பந்து, ஞாயித்துக்கிழமை ரெண்டாவது பந்து கொஞ்சம் நின்னுச்சு. தலைகாணியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமுறதையும் பழகினார். பயத்துல இருக்கறவங்களுக்கு கைக்கு ஒரு வேலை கொடுத்தா மனசு கொஞ்சம் இறங்கும், இதை நான் நிறையப் பேர்கிட்ட பார்த்திருக்கேன்.

நெஞ்செலும்பைப் பத்தி நானா வாயைத் திறக்கல. சனிக்கிழமை அவரே கேட்டார், எதால அறுப்பீங்கன்னு. சின்ன மின்சார ரம்பம்னு சொன்னேன். திரும்ப எதை வச்சு சேர்ப்பீங்கன்னார், ஸ்டீல் கம்பி, அது ஆயுசுக்கும் உள்ளயே இருக்கும், எலும்பு கூடி வர ஆறுலருந்து எட்டு வாரம் ஆகும், முழு பலம் வர மூணு மாசம். அவர் கொஞ்சம் யோசிச்சிட்டு, "ரெண்டு பலகையை பசை போட்டு ஒட்டினா கிளாம்பு போட்டு வச்சிருப்போம், காயுறதுக்குள்ள அவசரப்பட்டு கிளாம்பை எடுத்தா அந்த ஜாயிண்ட் ஜென்மத்துக்கும் நிக்காது"ன்னார். நாலஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக்கூடாது, கையை ஊணி எழுந்திரிக்கக்கூடாதுன்னு நான் வருஷக்கணக்கா தொண்டை கிழிய சொல்றதை இவர் ஒரே வரியில சொல்லிட்டார். கம்பிதான் கிளாம்புன்னு அவரே முடிவு பண்ணிக்கிட்டார். இதெல்லாம் இப்ப புதுசா வந்ததான்னு கேட்டதுக்கு, இந்தியாவுல முதல் பைபாஸ் 1975-லேயே சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில டாக்டர் செரியன் பண்ணிட்டாருங்கய்யான்னு சொன்னேன். "அந்த வருஷம்தான் எங்கப்பா என் கையில உளியைக் கொடுத்தார்"ன்னார், முகத்துல அன்னைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன்.

ஐசியூவை முன்கூட்டியே பார்க்குறீங்களான்னு கேட்டேன், வேணாம்னார், வற்புறுத்தல. சம்சாரத்தையும் பொண்ணையும் கூட்டிட்டுப் போய் காமிச்சேன். அந்தம்மா ஒவ்வொரு ட்யூப்பும் எதுக்குன்னு கேட்டு வச்சுக்கிட்டாங்க, ஆபரேஷன் முடிஞ்சு முகம் கொஞ்சம் வீங்கியிருக்கும், உடம்பு சில்லுன்னு இருக்கும், கூப்பிட்டா கண்ணைத் திறக்கலைன்னாலும் பயப்படாதீங்கன்னு சொன்னதை பொண்ணு போன்ல எழுதிக்கிட்டுச்சு. கோவம் எல்லாம் அன்னைக்கே போயிருச்சு.

இன்னொரு விஷயம், இது எந்த நோட்டீஸ்லயும் இருக்காது. தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி உடம்புல இருக்கற கயிறு, நகை எல்லாத்தையும் எடுக்கணும், தொடை இடுக்கு வரைக்கும் சுத்தம் பண்றதால அரைஞாண் கயிறையும் எடுத்துருவோம், அவசரத்துல கத்தரிக்கோலை வச்சு சட்டுன்னு அறுத்துருவாங்க. செத்தவங்களுக்குத்தான் அரைஞாண் கயிறை அறுப்பாங்கன்னு அவர் சம்சாரம் தயங்கித் தயங்கி சொன்னாங்க. இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்கு நான் அறுத்திருக்கேன்னு நினைச்சப்ப எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. அறுக்க வேணாம்மா, நீங்களே அவுத்து வச்சுக்கோங்க, வார்டுக்கு வந்ததும் நீங்களே கட்டி விடுங்கன்னு சொன்னேன். முடிச்சு இறுகிப் போயிருந்துச்சு, கால் மணி நேரம் ஆச்சு, பொறுமையா அவுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க.

ஞாயிறு ராத்திரி பயம் ஸ்கோர் 9. பிபி 138/84. தூங்கினார்.

திங்கக்கிழமையும் அதுக்கப்புறமும்

மூணு கிராஃப்ட், அதாவது பிளாக்கைத் தாண்டி ரத்தம் போறதுக்கு வைக்கிற மாத்துக் குழாய். ஒண்ணு மார்புக்கூட்டுக்கு உள்பக்கம் ஓடுற ரத்தக்குழாயை எடுத்து வச்சது, ரெண்டு கால்லருந்து. அஞ்சு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. ராத்திரி 9 மணி வாக்குல கண்ணு முழிச்சிருக்கார், ஐசியூ சிஸ்டர் ஒட்டியிருந்ததைப் படிச்சு அப்படியே சொல்லி ஒரு கையை அவுத்து விட்டிருக்காங்க. கை மேல போகல, பக்கத்துல இருந்த சிஸ்டர் கையைத் தேடிப் பிடிச்சு ஒரு தடவை அமுக்கியிருக்கார். அப்புறம் அட்டையில தாகத்தைக் காமிச்சார். நடுராத்திரிக்கு முன்னாடி ட்யூப் எடுத்தாச்சு. பிதற்றல், குழப்பம் எதுவும் இல்ல. மூணாம் நாள் வார்டுக்கு வந்துட்டார், வந்த உடனே அந்தம்மா முந்தானை முடிச்சை அவுத்தாங்க.

இங்கயே நிறுத்தினா நல்ல கதை, ஆனா அப்படி முடியல. அன்னைக்கு சாயங்காலமே நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சு பல்ஸ் 140, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தோட மேல் அறை தாறுமாறா துடிக்கிறது. பைபாஸுக்கு அப்புறம் ரெண்டாவது மூணாவது நாள் இது வர்றது ரொம்ப சகஜம், நாலஞ்சு பேர்ல ஒருத்தருக்காவது வரும், மருந்துலயே பெரும்பாலும் சரியாயிரும், இவருக்கும் மறுநாள் காலையில சரியாயிருச்சு. ஆனா நான் அதை அவர்கிட்ட சொல்லவே இல்ல. ஒட்டின இதயம் பிச்சுக்கிச்சுன்னு நினைச்சிட்டார் மனுஷன். என் கையை விடவே இல்ல. அவருக்கு விவரம் வேணாம்னு நானே முடிவு பண்ணி, அவர் உடம்பு உணரப் போற ஒரு விஷயத்தையும் சேர்த்து விட்டுட்டேன். விவரம் வேணாம்னா மெஷின் பேரு வேணாம்னு அர்த்தம், நெஞ்சு படபடக்கும்ங்கறது வேணாம்னு அர்த்தம் இல்ல. அஞ்சாவது நாள் காரணமே இல்லாம அழுதார், அதுவும் நிறையப் பேருக்கு நடக்குறதுதான், அதையும் யாரும் முன்னாடி சொல்லல. எட்டாவது நாள் டிஸ்சார்ஜ்.

ஒரு கேஸை வச்சு இதுதான் வழின்னு சொல்ல முடியாது. நாலு நாள் கூடுதலா கிடைச்சதே அமைதிக்கு ஒரு காரணமா இருந்திருக்கலாம், வார்டு பழகிப் போனதும் இருக்கலாம், ரிவ்யூவுக்கு வந்த ஒரு எலுமிச்சம்பழ வியாபாரி சட்டைப் பட்டனை அவுத்து தழும்பைக் காமிச்சிட்டு பத்து நிமிஷம் இவர்கிட்ட பேசிட்டுப் போனதும் இருக்கலாம். ஆறு வாரம் கழிச்சு ரிவ்யூவுல கேட்டேன், எதுங்கய்யா உதவியா இருந்துச்சுன்னு. "நீ கட்டிக் காமிச்சியே அந்தத் துணி"ன்னார்.

புதன்கிழமை கிளாஸ் இப்பவும் நடக்குது, ஆனா 24 பாயிண்ட் 10 ஆயிருச்சு, படபடப்பும் அழுகையும் அதுல சேர்ந்திருக்கு. அதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் போய் உக்காந்து ஒரு கேள்வி கேக்குறோம், "ஆபரேஷன்னு சொன்னதும் முதல்ல மனசுல என்ன வந்துச்சு?" வர்ற பதிலை அப்படியே அவங்க வார்த்தையிலேயே கேஸ் ஷீட்ல எழுதுறோம். ஒரு பாட்டி, தாலியைக் கழட்டணுமான்னு. ஒரு லாரி டிரைவர், மயக்கத்துல எதையாவது உளறிருவேனோன்னு. வால்வு மாத்த வந்த ஒரு காலேஜ் பொண்ணு, சுடிதார் கழுத்துல தழும்பு தெரியுமான்னு. போன மாசம் வந்த ஒரு பெரியவருக்கு இதெல்லாம் எதுவுமே இல்ல, வீட்ல சினை மாடு ஒண்ணு இந்த வாரம் கன்னு போடணும், பையனுக்கு பார்க்கத் தெரியாதுன்னு சொன்னார். சாயங்காலம் சாயங்காலம் வார்டு போன்ல அவர் பையன்கிட்ட பேச வச்சோம், அவர் ஐசியூவுல இருந்த ரெண்டு நாளும் நான் பேசி கேட்டுட்டு வந்து அவர் காதுல சொன்னேன். ட்யூப் எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, காளையா கிடாரியா.